மூக்கு சிவந்த இளவரசியும் மூச்சு முட்டிய தத்துவஞானியும்

பதினேழாம் நூற்றாண்டு ஜெர்மனியில் அரச குலத்தில் பெண்ணாகப் பிறந்தால் வழி இரண்டுதான். ஏதாவது ஒரு ராஜாவையோ அரை ராஜாவையோ கட்டிக்கொண்டு வருஷத்துக்கு ஒன்றாகப் பெற்றுப்போட வேண்டும். அது அமையாவிட்டால் மடம்.

மடம் என்றதும் மழித்த தலை, முரட்டு அங்கி, பட்டினி, பாதி ராத்திரியில் ஜபம் என்றெல்லாம் பரிதாபப்பட வேண்டாம். கன்னிமாடங்களே கூடாது என்று மார்ட்டின் லூதர் சொன்னபோது பல பிரபுக்கள் பக்தியோடு தலையாட்டினார்கள். பிறகு வீட்டுக்குப் போய்க் கணக்குப் பார்த்தார்கள். நிலம், வரி, குத்தகை, கூடவே கல்யாணமாகாத நாலு பெண்கள். சாமி கும்பிடும் முறையை மட்டும் மாற்றிக்கொண்டு சில மடங்களை அப்படியே வைத்துக்கொள்வதில் தப்பில்லை என்று பட்டது. அப்படிப் பிழைத்த மடங்களில் ஒன்று வெஸ்ட்ஃபேலியாவில் இருந்த ஹெர்ஃபோர்ட். உள்ளே இருந்தவர்கள் கன்னியாஸ்திரீகள் இல்லை, மானியம் வாங்கும் பிரபு வீட்டுப் பெண்கள். நல்ல வரன் வந்தால் மூட்டை கட்டிக்கொண்டு போய்விடலாம்.

அங்கே 1667-இல் தலைவியாக வந்து உட்கார்ந்தவர் பாலட்டினேட் இளவரசி எலிசபெத். மடம் லூத்தரன், அவரோ கால்வினிஸ்ட். வயது 48. கையில் காசு கிடையாது. அதுவரை அவர் செய்திருந்த பெரிய காரியம், ஐரோப்பாவே கொண்டாடிய ஒரு தத்துவஞானியைக் கேள்வி கேட்டு மடக்கியது. மடத்தலைவி பதவிக்கு இதெல்லாம் தகுதியா? இல்லை. தகுதி வேறு. பிராண்டன்பர்க்கை ஆண்ட ஃப்ரெடெரிக் வில்ஹெல்ம் அவருக்கு அத்தை மகன்.

இளவரசிக்குக் காசில்லாமல் போன கதை அப்பாவிடம் ஆரம்பிக்கிறது. ஐந்தாம் ஃப்ரெடெரிக் ஹைடல்பர்கில் ராஜபோகமாக இருந்தவர். கோட்டை, தோட்டம், கொழுத்த வருமானம், மனைவியோ இங்கிலாந்து ராஜா முதலாம் ஜேம்ஸின் மகள். இருந்த இடத்தில் இருந்திருக்கலாம். 1619-இல் பொஹீமியாக்காரர்கள் தங்கள் ஹாப்ஸ்பர்க் ராஜாவைத் தள்ளிவிட்டு, "நீங்கள் வாருங்கள்" என்றார்கள். பெற்ற தாய் வேண்டாம் என்றாள். மாமனாரும் பச்சைக்கொடி காட்டவில்லை. மனுஷன் கிளம்பிவிட்டார். நவம்பர் 4 அன்று ப்ராகில் முடிசூட்டு விழா. மறுவருஷம் நவம்பர் 8 அன்று ஊருக்கு வெளியே வெள்ளைமலைப் போர். படை சிதறி ஓடியபோது ராஜா ஆங்கிலத் தூதர்களோடு மதியச் சாப்பாட்டில் இருந்தார். ஆக மொத்தம் ஒரு வருஷம், நாலு நாள். 'குளிர்கால ராஜா' என்று எதிரிகள் பேர் வைத்தார்கள். 400 வருஷமாகியும் அந்தப் பேர் உதிரவில்லை.

ஓடிய அவசரத்தில், முழங்காலுக்குக் கீழே கட்டிக்கொள்ளும் கார்ட்டர் விருதுச் சின்னத்தைக்கூட விட்டுவிட்டுப் போனார். துண்டுப்பிரசுரக்காரர்களுக்குக் கொண்டாட்டம். காலுறை நழுவி நிற்கும் ராஜாவை வரைந்து வரைந்து விற்றார்கள். கைக்குழந்தை ருபர்ட்டும் விட்டுப்போன சாமான்களில் ஒன்றாகியிருப்பான். கடைசி நேரத்தில் யாரோ கண்டெடுத்து, கிளம்பிய வண்டிக்குள் வீசினார் என்பார்கள். (பையன் பிழைத்துப் பெரியவனாகி, இங்கிலாந்து உள்நாட்டுப் போரில் குதிரைப் படையோடு வந்து ஊரை நடுங்க வைத்தான். குழந்தையில் அப்படி வீசினால் இப்படித்தான் வளரும்.) தகப்பனார் ஆசைப்பட்ட அந்தக் கிரீடம் விசிறிவிட்ட நெருப்புக்கு முப்பதாண்டுப் போர் என்று பேர்.

எலிசபெத் இந்த ஓட்டத்தில் இல்லை. 1618 டிசம்பரில் பிறந்தவர், ஹைடல்பர்கில் பாட்டியிடம் இருந்தார். சில வருஷம் கழித்துத்தான் ஹாலந்தில் பெற்றோரிடம் போய்ச் சேர்ந்தார். ஹேக் நகரில் டச்சுக்காரர்கள் தயவில் நடந்த அந்த நாடுகடந்த அரண்மனையில் பட்டம், மரியாதை, கடன்காரர்கள் மூன்றுக்கும் பஞ்சமில்லை. பிள்ளைகள் மொத்தம் 13. அம்மாவுக்குப் பிள்ளைகளைவிடக் குரங்குகள் மேலும் நாய்கள் மேலும்தான் பிரியம் என்று கடைக்குட்டிப் பெண் சோஃபி தன் நினைவுக்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். நம் கதைக்கு முக்கியமான சாட்சி இந்த சோஃபிதான். குடும்பத்திலேயே கூர்மையான நாக்கு, நல்ல ஞாபகசக்தி, யாரையும் விட்டுவைக்காத மனசு. ஒரு வரலாற்றாசிரியனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

அக்கா எலிசபெத் பேரழகி என்றுதான் சோஃபி ஆரம்பிக்கிறார். கறுத்த முடி, பளபளக்கும் கண்கள், எடுப்பான மூக்கு. எல்லா மொழியும் தெரியும், எல்லாக் கலையும் தெரியும். கிரேக்கம் படித்ததால் வீட்டில் பட்டப்பெயரே 'கிரேக்கக்காரி'. ஆனால் அந்த எடுப்பான மூக்கு அடிக்கடி சிவந்துவிடும். இவ்வளவு படித்தவருக்கு அந்த ஒரு விஷயத்தில் மட்டும் எந்தத் தத்துவமும் கைகொடுக்கவில்லை. மூக்கு சிவந்த நாட்களில் வெளியே தலைகாட்ட மாட்டார். ஒருநாள் தங்கை லூயிஸ் ஹாலண்டைன் வந்து, அம்மாவைப் பார்க்க நேரமாயிற்று என்று கூப்பிட்டார். இந்த மூக்கோடு எப்படி வருவது என்றார் அக்கா. வேறு மூக்கு வரும்வரை காத்திருக்கப் போகிறாயா என்று கேட்டுவிட்டாராம் தங்கை.

பதினைந்து பதினாறு வயதில் ஒரு பெரிய சம்பந்தம் வந்தது. போலந்து ராஜா நான்காம் வ்லாடிஸ்லாவ். கடனில் முழுகிய குடும்பத்துக்குக் கடவுள் கொடுத்த வரன். ஒரே ஒரு நிபந்தனை, பெண் கத்தோலிக்கராக மாற வேண்டும். எலிசபெத் முடியாது என்றார். மாமா சார்லஸ், இங்கிலாந்து ராஜா, ஆசையாக இருந்தார். அப்போதும் முடியாதுதான். கடைசியில் வ்லாடிஸ்லாவ் ஒரு ஹாப்ஸ்பர்க் பெண்ணைக் கட்டிக்கொண்டு போனார். எலிசபெத் கணிதப் புத்தகத்துக்குத் திரும்பினார்.

அந்த நாளில் பிரான்சிலிருந்து வந்து ஹாலந்தில் குடியிருந்தவர் ரெனே டெகார்த். மனம் வேறு, உடம்பு வேறு, இரண்டும் முற்றிலும் தனித்தனிப் பொருள்கள் என்று சொல்லிப் புகழ் பெற்றிருந்தார். மனத்துக்கு நீளம், அகலம், எடை எதுவும் இல்லை, அது சிந்திக்க மட்டும் செய்யும். உடம்பு இடத்தை அடைத்துக்கொள்ளும், சிந்திக்காது. பண்டிதர்கள் எதிர்த்தார்கள், சண்டை போட்டார்கள், சாபம்கூட விட்டார்கள். 1643 மே மாதம் 24 வயது எலிசபெத் ஒரு கடிதம் எழுதினார். என் அறியாமையை மன்னிக்க வேண்டும் என்கிற தோரணையில் பணிவாகத்தான் ஆரம்பித்தார். கேள்வி இதுதான்: ஒன்றை நகர்த்த வேண்டுமென்றால் அதைத் தள்ள வேண்டும், தள்ளுவதற்குத் தொட வேண்டும், தொடுவதற்கு உடம்பு வேண்டும். உடம்பே இல்லாத மனம் கையை எப்படித் தூக்குகிறது?

47 வயது தத்துவஞானிக்குத் தொண்டை அடைத்தது. முதலில் பாராட்டினார். சங்கடமான கேள்வி வந்தால் பாராட்டுவது ஆசிரியர்களின் பழைய வழக்கம். பிறகு, கல்லைக் கீழே இழுக்கும் கனம் அதைத் தொட்டா இழுக்கிறது, அதுபோல வைத்துக்கொள்ளுங்களேன் என்று ஒரு விளக்கம் அனுப்பினார். இதில் வேடிக்கை என்னவென்றால், கனத்தைப் பற்றிய அந்தப் பழைய கருத்தே தப்பு என்று வாதாடிக்கொண்டிருந்தவர் இதே டெகார்த்தான். எலிசபெத் விடவில்லை. தப்பான ஒன்றை வைத்து எனக்கு எப்படிப் புரியும், உடம்பில்லாத ஒன்று உடம்பை நகர்த்தும் என்பதைவிட மனத்துக்கும் கொஞ்சம் உடம்பு இருக்கிறது என்று ஒப்புக்கொள்வது எனக்கு லேசாக இருக்கிறது என்று பதில் போட்டார்.

அடுத்து வந்த கடிதம்தான் ரத்தினம். அப்படி நினைப்பது சுலபமாக இருந்தால் அப்படியே நினைத்துக்கொள்ளுங்கள் என்று டெகார்த் அனுமதி கொடுத்துவிட்டார்! அதோடு ஒரு யோசனையும். இப்படிப்பட்ட ஆழ்ந்த விஷயங்களுக்கு நான் வருஷத்தில் சில மணி நேரம்தான் ஒதுக்குகிறேன், மனமும் உடம்பும் சேர்ந்திருப்பது புரிய வேண்டுமென்றால் தத்துவத்தை மூடிவைத்துவிட்டு நாலு பேரோடு பேசிப் பழகினாலே போதும் என்கிறார். உலகமே தன் தத்துவத்தைப் படிக்க வேண்டும் என்று ஆசைப்பட்ட மனுஷன், ஒரே ஒரு வாசகியிடம் மட்டும் ரொம்பப் படிக்காதீர்கள் என்று கெஞ்சியிருக்கிறார்.

அந்த வருஷமே ஒரு கணக்கும் அனுப்பினார். மூன்று வட்டங்கள் கொடுத்தால் மூன்றையும் தொடும் நாலாவது வட்டத்தைக் கண்டுபிடிக்கும் பழைய கிரேக்கப் புதிர். அனுப்பிய பிறகு, பாவம், இவ்வளவு கஷ்டமானதைக் கொடுத்துவிட்டோமே என்று வருத்தப்பட்டு விடையையும் எழுதி அனுப்பினார். அதற்குள் அந்தம்மாள் போட்டு முடித்திருந்தார். 1644-இல் டெகார்த் வெளியிட்ட 'தத்துவத்தின் கோட்பாடுகள்' நூல் எலிசபெத்துக்குச் சமர்ப்பணம். என் எழுத்து முழுவதையும் புரிந்துகொண்டவர் இவர் ஒருவர்தான் என்ற பொருளில் அதில் எழுதினார். முகஸ்துதி என்று தள்ள முடியாது. புரிந்ததால் வந்த தொல்லையை அவர்தான் அனுபவித்துக்கொண்டிருந்தார்.

1645-இல் எலிசபெத்துக்கு விடாத காய்ச்சல், வறட்டு இருமல். காரணம் மனக்கவலை என்று கடிதத்திலேயே நாடி பிடித்தார் டெகார்த். அதைக் கேட்டு நமக்கு ஒரு சந்தேகம் வருகிறதல்லவா, மனம் உடம்பைத் தொடாதென்றால் காய்ச்சல் எப்படி வந்தது? போகட்டும். மருந்தாக அவர் சொன்னது: ஊற்றுத் தண்ணீர் குடியுங்கள், குடிக்கும்போது காட்டின் பச்சையையும் பூவின் நிறத்தையும் பறவை பறப்பதையும் பார்த்துக்கொண்டு, எதையும் நினைக்காமல் இருங்கள். எலிசபெத் நன்றி சொன்னார். ஒரு கஷ்டத்தை நினைத்து ஆறுவதற்குள் என் வீட்டில் அடுத்தது வந்துவிடுகிறதே, என்ன செய்வது என்றும் கேட்டார். சரி, செனெகாவைப் படிப்போம் என்றார் டெகார்த். படித்தார்கள். இரண்டு பேருக்கும் செனெகா பிடிக்கவில்லை.

அடுத்த கஷ்டம் அதே வருஷம் வந்தது. தம்பி எட்வர்ட் பிரான்சில் ஒரு பணக்காரப் பெண்ணுக்காகக் கத்தோலிக்கனாகிவிட்டான். போலந்து கிரீடத்தையே இதற்காக உதறிய அக்கா அழுது எழுதினார். டெகார்த் கத்தோலிக்கர். உங்கள் தம்பி செய்ததை ஐரோப்பாவில் பெரும்பாலானோர் பாராட்டத்தான் செய்வார்கள் என்று ஆறுதல் சொன்னார். பின்னால் 1649-இல் மாமா சார்லஸின் தலையை லண்டனில் வெட்டினார்கள். படுக்கையில் கிடந்து சாவதைவிட இது பெருமைக்குரிய சாவு என்று எழுதினார். பெரிய அறிவாளிதான், ஆனால் துக்க வீட்டுக்கு அனுப்பக்கூடாத ஆள். ஆனாலும் இந்தக் கடிதங்களிலிருந்து பிறந்ததுதான் அவருடைய கடைசிப் புத்தகம், 'ஆன்மாவின் உணர்ச்சிகள்'. உணர்ச்சி என்றால் என்ன, அதை எப்படி ஆள்வது என்று எலிசபெத் நச்சரித்திராவிட்டால் அது வந்திருக்காது.

1646-இல் இன்னொரு தம்பி, ஃபிலிப், ஹேக் நகரத் தெருவில் ஒரு பிரெஞ்சுக்காரனைக் கொன்றுவிட்டான். அம்மாவையும் தங்கையையும் பற்றி அந்தப் பிரெஞ்சுக்காரன் ஏதோ பெருமையடித்துக்கொண்டதாக ஊரில் பேச்சு. அம்மா கொதித்தார். எலிசபெத் தம்பி பக்கம் நின்றார். விளைவு, கொஞ்ச நாள் பிராண்டன்பர்க் அத்தை வீட்டில் இருந்துவிட்டு வா என்று அனுப்பப்பட்டார். ஆறேழு மாதத்தில் திரும்புவேன் என்று நினைத்துத்தான் போனார். அதற்குப் பிறகு டெகார்த்தை அவர் பார்க்கவே இல்லை. தபாலில் மட்டும், சோஃபி வழியாக ரகசியமாக, பேச்சு தொடர்ந்தது. மாக்கியவெல்லி படித்தார்கள். 1649-இல் டெகார்த்தை ஸ்வீடன் ராணி கிறிஸ்டினா அழைத்தார். எலிசபெத் கேள்விதான் கேட்டார். கிறிஸ்டினா விடிகாலை ஐந்து மணிக்குப் பாடம் கேட்டார். காலையில் நேரம் கழித்து எழும் பழக்கமுள்ள டெகார்த் 1650 பிப்ரவரியில், ஸ்டாக்ஹோம் குளிரில் காலமானார்.

எலிசபெத்துக்கு அடுத்த பதினேழு வருஷம் உறவினர் வீடுகளில் கழிந்தது. அண்ணன் கார்ல் லுட்விக்குக்கு ஹைடல்பர்க் திரும்பக் கிடைத்திருந்தது, அங்கே போனார். அண்ணன் முதல் மனைவி உயிரோடிருக்கும்போதே, அவளுடைய தோழிப் பெண் லூயிஸே ஃபான் டெகன்ஃபெல்டைக் கல்யாணம் செய்துகொண்டார். எலிசபெத் அண்ணி பக்கம் நின்றார். அம்மா வீட்டில் தம்பி பக்கம், அண்ணன் வீட்டில் அண்ணி பக்கம். சோறு போடுகிறவர் பக்கம் நிற்கும் சாமர்த்தியம் கடைசிவரை வரவில்லை. அங்கிருந்தும் கிளம்ப வேண்டியதாயிற்று. அத்தை மகன் பார்த்தார். 1661-இல் ஹெர்ஃபோர்ட் மடத்தில் அடுத்த தலைவி என்று துண்டு போட்டு வைத்தார். அப்போது தலைவியாக இருந்தவரும் ஒரு பாலட்டினேட் சொந்தம்தான். அவர் இறந்ததும் 1667-இல் நாற்காலி இவருக்கு வந்தது.

கால் காசு உத்தியோகமானாலும் கவர்ன்மென்ட் உத்தியோகம் என்பார்களே, இது அதற்கும் ஒரு படி மேல். மடத்தலைவி என்றால் பேரரசருக்கு மட்டுமே கட்டுப்பட்ட குட்டி அரசி. பேரரசின் சபையில் பிரதிநிதி, சொந்த நீதிமன்றம், நிலம், குத்தகைதாரர்கள். அப்பா ஒரு ராஜ்யத்தை ஒரு வருஷம் நாலு நாள் ஆண்டார். மகள் ஒரு மடத்தைப் பதின்மூன்று வருஷம் ஆண்டார். வாரா வாரம் சனிக்கிழமை தானே உட்கார்ந்து, சின்னச் சின்ன வழக்குகளைக்கூடப் பொறுமையாகக் கேட்டுத் தீர்ப்புச் சொன்னாராம். ஏழைக்கு ஒரு மாதிரி, பணக்காரனுக்கு ஒரு மாதிரி கிடையாது என்று பார்த்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். எதிரில் நின்று பொய் சொன்ன குத்தகைதாரனை நினைத்தால்தான் எனக்குப் பாவமாக இருக்கிறது. டெகார்த்தாலேயே சமாளிக்க முடியவில்லை.

இதோடு நிறுத்திக்கொண்டு நிம்மதியாகக் கஞ்சி குடித்திருக்கலாம். 1670-இல் பழைய சிநேகிதி அன்னா மரியா ஃபான் ஷுர்மனிடமிருந்து சேதி வந்தது. பல மொழிகள் கரைத்துக் குடித்தவர், ஹாலந்தின் புகழ்பெற்ற படிப்பாளி. அவர் இப்போது படிப்பையெல்லாம் ஓரங்கட்டிவிட்டு ழான் டி லபாடி என்ற சாமியாரின் பின்னால் போயிருந்தார். லபாடி முதலில் ஜெசூட், பிறகு கால்வினிஸ்ட் போதகர், அப்புறம் அவர்களோடும் சண்டை. சொத்தெல்லாம் பொது, உலகம் பாவம், உண்மையான விசுவாசிகள் நாங்கள் மட்டும்தான் என்று சொல்லும் கூட்டம். ஆம்ஸ்டர்டாமில் இருக்க முடியவில்லை, இடம் கொடுப்பாயா? எலிசபெத் வரச்சொன்னார். ஐம்பது பேர் போல வந்து இறங்கினார்கள்.

ஹெர்ஃபோர்ட் ஊர்க்காரர்கள் ஏற்கெனவே கடுப்பில் இருந்தவர்கள். சுதந்திர நகரம் என்று மார்தட்டிக்கொண்டிருந்த ஊரை பிராண்டன்பர்க் விழுங்கி இருபது வருஷம்கூட ஆகவில்லை. மடத்தில் கால்வினிஸ்ட் தலைவி என்பதே லூத்தரன் போதகர்களுக்கு நெஞ்சில் முள். இப்போது கால்வினிஸ்டுகளே துரத்திவிட்ட கூட்டம் வேறு. தெருவில் திட்டு, மன்றத்தில் மனு. வந்தவர்களும் சும்மா இருக்கவில்லை. ஒருநாள் நற்கருணை முடிந்ததும் பரவசம் பொங்கி, ஆணும் பெண்ணும் கட்டித் தழுவி முத்தமிட்டு ஆடினார்கள். லபாடி உட்படப் பல போதகர்கள் ரகசியமாகக் கல்யாணம் செய்துகொண்டதும் வெளியே வந்தது. லபாடிக்கு அப்போது வயது அறுபது. ஊர் ஒரு மாதத்துக்கு வேறு எதையும் பேசியிருக்காது.

பக்கத்தில் ஓஸ்னாப்ரூக்கில் இருந்த சோஃபிக்கு இது திருவிழா. அவரே வேடிக்கையான இடத்தில்தான் உட்கார்ந்திருந்தார். 1648 உடன்படிக்கைப்படி ஓஸ்னாப்ரூக் ஆயர் பதவி கத்தோலிக்கருக்கு ஒரு முறை, லூத்தரனுக்கு ஒரு முறை. லூத்தரன் முறையில் ஆயரானவர் அவருடைய கணவர் எர்ன்ஸ்ட் ஆகஸ்ட். ஆக, சோஃபி ஓர் ஆயரின் மனைவி. தமக்கை லூயிஸ் ஹாலண்டைன், அந்த 'வேறு மூக்கு' கேட்டவர், 1657-இல் அம்மாவுக்கு ஒரு கடிதம் எழுதி வைத்துவிட்டு பிரான்சுக்கு ஓடி, கத்தோலிக்கராகி, மோபுய்சோன் கன்னிமாடத்தின் தலைவியாகியிருந்தார். புராட்டஸ்டன்ட் மதத்துக்காக ராஜ்யத்தை இழந்த அப்பனுக்கு ஒரு புராட்டஸ்டன்ட் மடத்தலைவி, ஒரு கத்தோலிக்க மடத்தலைவி, ஓர் ஆயர் பெண்டாட்டி. இந்தக் குடும்பத்தை வைத்துக்கொண்டு லபாடியைப் பார்த்துச் சிரிக்க சோஃபிக்கு மட்டும்தான் முடியும்.

எலிசபெத் சிரிக்கவில்லை, விட்டுக்கொடுக்கவும் இல்லை. 1671-இல் ஸ்பயர் பேரரச நீதிமன்றம் அவர்களை வெளியேற்றும்படி உத்தரவிட்டது. அதற்குப் பிறகும் இழுத்துப் பிடித்தார். மறுவருஷம் லபாடி கூட்டமே ஆல்டோனாவுக்குக் கிளம்பியது.

அனுபவத்தில் பாடம் கற்றாரா என்றால், 1677-இல் குவேக்கர்கள் வந்தார்கள். ராஜா முன்னால்கூடத் தொப்பியைக் கழற்றமாட்டோம் என்று சிறைக்குப் போனவர்கள். அவர்களில் ஒருவர் 32 வயது வில்லியம் பென். பின்னால் பென்சில்வேனியாவை நிறுவிய அதே பென். காலை ஏழு மணிக்கே பிரசங்கம் ஆரம்பித்துவிட்டார்கள். எலிசபெத் எழுந்து வந்து உட்கார்ந்து கேட்டார், மறுநாளும் கேட்டார், உருகிப்போய்க் கண்கலங்கி வழியனுப்பினார். ஆனால் குவேக்கராகவில்லை. லபாடி வந்தபோது லபாடியாரும் ஆகவில்லை, போலந்து ராஜா வந்தபோது கத்தோலிக்கரும் ஆகவில்லை. எல்லாரையும் உட்காரவைத்துக் கேட்பார், எல்லாருக்கும் சாப்பாடு போடுவார், கையெழுத்து மட்டும் போடமாட்டார். மறுவருஷம் தத்துவஞானி லைப்னிட்ஸும் பேசிப் பார்த்தார். அவருக்கும் அதே மரியாதைதான்.

1680 பிப்ரவரியில் நீண்ட நோய்க்குப் பிறகு காலமானார். ஹெர்ஃபோர்ட் கோயிலிலேயே அடக்கம்.

ஒரு விஷயம் பாக்கி. டெகார்த் இறந்ததும் அவர் பெட்டியில் எலிசபெத்தின் கடிதங்கள் கிடைத்தன. பிரெஞ்சுத் தூதர் ஷனூ, கிறிஸ்டினா ராணிக்குக் காட்டலாமா, அச்சிடலாமா என்று கேட்டார். கூடாது, திருப்பி அனுப்புங்கள் என்று எலிசபெத் சொல்லிவிட்டார். ஆகவே 1657-இல் அச்சில் வந்தது டெகார்த்தின் பக்கம் மட்டும். கேள்வி இல்லை, பதில்கள் மட்டும். எலிசபெத் கடிதங்களின் பிரதிகள் ஆர்னெம் நகரத்துக்குப் பக்கத்தில் ரோசெண்டால் மாளிகையில் கிடைத்து, 1879-இல்தான் புத்தகமாயின. இடைப்பட்ட இருநூற்றுச் சொச்சம் வருஷம், இவ்வளவு பெரிய மனுஷர் ஒரு சின்னப் பெண்ணிடம் எதற்காக இப்படிப் பம்முகிறார் என்று தெரியாமலேயே படித்துக்கொண்டிருந்தார்கள்.